ஸ்மாஷுக்கு முன் பழக வேண்டியவை: டெல்டாவில் ஷட்டில் தொடங்குவோருக்கு

காவிரிப் படுகையின் ஊர்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளி மைதானத்தையோ கோயில் திடலையோ கடந்து செல்பவர்கள், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே வலை கட்டி விளக்கொளியில் ஷட்டில் ஆடுகிற நான்கு பேரையும், முறை வரக் காத்திருக்கிற ஆறு பேரையும் பார்த்திருப்பார்கள். அந்த ஆறு பேரில் புதிதாக வந்து நிற்பவருக்காக எழுதப்பட்டது இந்தக் கட்டுரை. பயிற்சியாளர் இல்லாத இடங்களில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வதுதான் வழக்கம். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, ஷட்டிலை உயரத்திலிருந்து ஓங்கிக் கீழ்நோக்கி அடிக்கும் ஸ்மாஷ் என்பதால், பெரும்பாலோர் முதலில் பழக நினைப்பதும் அதைத்தான். என் கருத்தில் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். பிடியும் காலும் சர்வீஸும், ஷட்டிலைப் பின் எல்லைக்கு உயரத் தூக்கும் டாஸும், வலையோர ஆட்டமும் ஓரளவு கைவந்த பிறகு ஸ்மாஷைத் தொட்டால் போதும்; அப்போது அது பாதி தானாகவே வந்திருக்கும்.

தஞ்சை வட்டாரத்துக்கு மட்டையாட்டம் புதிதல்ல. கம்பளி நூல் பந்தை வைத்து அணிக்கு ஐவராக ஆடும் பூப்பந்தாட்டத்தைத் தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் 1856ஆம் ஆண்டிலேயே ஆடியதாகச் சொல்லப்படுகிறது. இன்றும் இங்குள்ள பல பள்ளிகளில் அது உயிரோடு இருக்கிறது. அங்கிருந்து ஷட்டிலுக்கு வருபவர்களுக்குக் கண்ணும் வலையைப் பற்றிய அச்சமின்மையும் முன்பே அமைந்திருக்கும், ஆனால் கையைத்தான் மாற்றிப் பழக வேண்டியிருக்கும். பூப்பந்தின் எடை 27 முதல் 30 கிராம். பதினாறு இறகுகள் செருகிய ஷட்டிலின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம்தான். பந்து அடித்த வேகத்தைப் பெரிதும் இழக்காமல் போகும். ஷட்டில் பேட்டை விட்டுச் சீறிப் புறப்பட்டு, நடுவழியிலேயே வேகமிழந்து, கடைசியில் ஏறக்குறைய நேராகக் கீழே விழும். ஆகவே தோளையே வீசி அடிக்கும் பழக்கம் இங்கே பயன்படாது. முன்கையின் சுழற்சியும் விரல்களின் இறுக்கமும்தான் வேலை செய்ய வேண்டும்.

களம்

கோர்ட்டின் நீளம் 44 அடி. அகலம் இரட்டையர் ஆட்டத்துக்கு 20 அடி, ஒற்றையர் ஆட்டத்துக்கு 17 அடி. வலையிலிருந்து இரு பக்கமும் ஆறரை அடியில் முன் சர்வீஸ் கோடு வரும். பின் எல்லைக் கோட்டிலிருந்து இரண்டரை அடி உள்ளே இரட்டையருக்கான பின் சர்வீஸ் கோடு வரும். முன் சர்வீஸ் கோட்டின் மையத்திலிருந்து பின் எல்லை வரை ஒரு நடுக்கோடு போட்டால் இடது, வலது சர்வீஸ் கட்டங்கள் கிடைத்துவிடும். மூலைகள் சதுரமாக இருக்கின்றனவா என்று அறிய, மூலைக்கு மூலை குறுக்காகக் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுகளும் ஏறத்தாழ 48 அடி 4 அங்குலமாக இருந்தால் கோர்ட் கோணாமல் இருக்கிறது என்று பொருள்.

வலையின் உயரத்தில்தான் நம் ஊர்க் களங்கள் பெரிதும் ஏமாற்றுகின்றன. கம்பங்களில் 1.55 மீட்டரும் நடுவில் 1.524 மீட்டரும், அதாவது நடுவில் சரியாக ஐந்து அடியும் இருக்க வேண்டும். கயிறு தளர்ந்து நடுப்பகுதி நாலரை அடிக்கு இறங்கிவிட்ட வலையில் எல்லாருடைய ஸ்மாஷும் அழகாகத்தான் இறங்கும்; அதே ஆட்டக்காரர்கள் உள்ளரங்கத்துக்குப் போன அன்று அடித்ததெல்லாம் வலையிலேயே மோதும். ஐந்தடி நீளத்துக்கு ஒரு கம்பை வெட்டி வலையோடு சேர்த்துச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் நடுவில் நிறுத்திப் பார்த்த பிறகு ஆட்டத்தைத் தொடங்குவது நல்ல பழக்கம்.

எந்தத் தரையில் கோர்ட் போடுவது என்பது டெல்டாவில் உண்மையாகவே சிக்கலான கேள்வி. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால் வயல் காலியாகக் கிடைப்பதில்லை. களிமண் திடல் கோடையில் வெடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். செம்மண்ணோ கிராவலோ பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டிய பிறகே அதில் ஓடலாம். நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் பார்வைக்குச் சமதளமாக இருந்தாலும் இரண்டு குறைகள் உடையது: முழங்காலுக்கு அது மிகக் கடினம், அறுவடைக் காலத்தில் அதன் மேல் படிந்திருக்கும் நெல்மணியும் பதரும் உருண்டு காலை வழுக்கிவிடும். வேறு இடமே இல்லையென்றால் நன்றாகப் பெருக்கிவிட்டு, பாய்ந்து எடுக்கும் ஆட்டங்களைத் தவிர்த்துப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக அமைந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் நேராகக் கண்ணில் விழாது. விளக்குகளைக் கோர்ட்டின் பக்கவாட்டில், வலைக்கு நேராக உயரத்தில் கட்டுங்கள். ஆட்டக்காரர் அண்ணாந்து பார்க்கும் திசையில், பின் எல்லைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் ஷட்டில் ஒளிக்குள் மறைந்துபோகும். ஐப்பசியில் தத்துப்பூச்சி மொய்க்கத் தொடங்கினால் இரவு ஆட்டத்தை விட்டுவிட்டுக் காலை ஆட்டத்துக்கு மாறுவதே மேல்.

வாங்க வேண்டியவை

கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஷூ வாங்குங்கள், அதன் பிறகு பேட் வாங்குங்கள். ஓட்டப் பயிற்சிக்கான ஷூவின் தடித்த, உயர்ந்த அடிப்பகுதி பக்கவாட்டு அசைவில் கணுக்காலை மடக்கிவிடும். இறகுப்பந்துக்கென்று தயாரிக்கப்படும் ஷூவின் அடிப்பகுதி தாழ்வாகவும் ரப்பர் பிடிமானத்தோடும் இருக்கும். மண் தரையில் அந்த ரப்பர் விரைவில் தேய்ந்துவிடும் என்பது உண்மைதான். சுளுக்கிய கணுக்காலோடு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பதைவிட அது மலிவு. வெறுங்காலில் ஆடுவது சிறுவர்களுக்கு இயல்பாக இருக்கலாம். முப்பதைக் கடந்து தொடங்குபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட் வாங்கும்போது அதன் கைப்பிடிக்கு மேலுள்ள கூம்புப் பகுதியில் அச்சிட்டிருக்கும் எடைக் குறியைப் பாருங்கள். ‘4யூ’ என்றால் 80 முதல் 84 கிராம், ‘3யூ’ என்றால் 85 முதல் 89 கிராம். புதியவருக்கு 4யூ எடையும், வளைந்து கொடுக்கும் தண்டும், தலை கனக்காத சமநிலையும் பொருந்தும். ஸ்ட்ரிங்கின் இழுவிசை 20 முதல் 23 பவுண்டுக்குள் இருக்கட்டும். சர்வதேச ஆட்டக்காரர்கள் முப்பது பவுண்டு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையே கேட்பவர்கள் உண்டு. இழுவிசை கூடக்கூடப் பேட்டின் நடுவிலுள்ள நன்றாக அடிபடும் பகுதி சுருங்கும், ஷட்டிலைத் தள்ளிவிடும் உதவியும் குறையும். கை இன்னும் பழகாதவருக்கு அதனால் தோள்வலி மட்டுமே மிஞ்சும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் கைப்பிடி வியர்வையில் நனைந்து நழுவும் என்பதால், மேல்சுற்று கிரிப்பை அடிக்கடி மாற்றுவதற்கும் ஒரு சிறிய துண்டுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு நைலான் ஷட்டில் போதும். இறகு ஷட்டில் திறந்தவெளியில் ஒரு மாலைக்குக்கூடத் தாங்காது. நைலான் ஷட்டிலின் தலையைச் சுற்றியுள்ள வளையம் பச்சையானால் மெதுவானது, நீலமானால் நடுத்தரமானது, சிவப்பானால் வேகமானது. வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து ஷட்டில் கூடுதல் தூரம் போகும் என்பதால் நமக்கு ஏற்றது பச்சை. இறகு ஷட்டிலில் இதே அளவைக் குறிக்க 75, 76, 77 என எண்கள் வரும். குறைந்த எண் மெதுவானதைக் குறிக்கும். சரியான வேகமுடையதுதானா என்று அறிய விதிப்புத்தகத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. பின் எல்லைக் கோட்டிலிருந்து கீழ்க்கையாக முழு வலுவோடு மேல்நோக்கி அடித்தால், ஷட்டில் எதிர்ப்பக்கப் பின் எல்லைக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னதாக விழ வேண்டும்.

பிடி

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பிற்காலத்தில் திருத்த முடியாமல் போகும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஆடாத கையால் பேட்டின் தண்டைப் பிடித்து, ஸ்ட்ரிங் பரப்பு இடமும் வலமும் பார்க்கும்படி, விளிம்பு தரையை நோக்கும்படி உடம்புக்கு முன்னால் நிறுத்துங்கள். கைப்பிடி எண்கோணமானது, அதில் இரண்டு பக்கங்கள் அகலமாகவும் இரண்டு பக்கங்கள் குறுகலாகவும் இருப்பது விரலால் தடவினாலே தெரியும். ஆடும் கையின் உள்ளங்கையை அகலமான பக்கத்தில் வைத்து விரல்களைச் சற்றுச் சாய்வாக மடக்குங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உண்டாகும் ‘வி’ வடிவம் மேலே உள்ள குறுகிய பக்கத்தின் மீதோ அதற்குச் சற்று உட்புறமாகவோ அமைய வேண்டும். சுட்டுவிரல் மற்ற விரல்களோடு நெருங்கி நிற்காமல் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கட்டும். இது முன்கைப் பிடி.

புதியவர்கள் தாமாகப் பிடிக்கும்போது பேட்டின் பரப்பு வலையைப் பார்த்தபடி தட்டையாக நிற்கும். ‘வி’ வடிவம் அகலமான பக்கத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். முகத்துக்கு நேரே வரும் ஷட்டிலை அந்தப் பிடியில் எளிதாகத் தட்டலாம் என்பதால் அது சரியென்றே தோன்றும். தலைக்குப் பின்னால் போன ஷட்டிலை அந்தப் பிடியில் தூக்கவே முடியாது. முன்கை சுழல இடமில்லாமல் பூட்டிக்கொள்வதுதான் காரணம். ஆறு மாதம் ஆடிய பிறகும் ஒருவருடைய டாஸ் நடுக்கோர்ட்டிலேயே விழுகிறதென்றால், தோளில் வலுவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருடைய பிடியைப் பாருங்கள்.

இடப்பக்கம் வருவதை அடிக்கப் புறங்கைப் பிடி வேண்டும். முன்கைப் பிடியைத் தளர்த்தி, விரல்களாலேயே கைப்பிடியைச் சிறிது உருட்டி, கட்டைவிரலின் வயிற்றுப் பகுதியை அகலமான பின்பக்கத்தில் நீளவாக்கில் பதியுங்கள். தள்ளும் வலு அந்த விரலிலிருந்து வரும். இரு பிடிகளுக்கும் இடையே மாறுவதை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, கண்ணை மூடிக்கொண்டு பழகலாம். எந்தப் பிடியானாலும் கை தளர்ந்தே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் லேசாக இழுத்தால் பேட் கையைவிட்டு வந்துவிடும் அளவுக்குத் தளர்வு. ஷட்டில் ஸ்ட்ரிங்கைத் தொடும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகி, உடனே மீண்டும் தளர வேண்டும்.

இதற்குத் துணையாக, தனியாக நின்று ஷட்டிலை மேல்நோக்கித் தட்டிப் பழகுங்கள். முதலில் முன்கைப் பிடியில் முழங்கை உயரத்துக்கு மேல் போகாமல், பிறகு புறங்கைப் பிடியில், பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டிலும். ஸ்ட்ரிங்கின் நடுவில் பட்டால் தெளிவான, குட்டையான ஓசை வரும். ஓரத்தில் பட்டால் மந்தமாக ஒலிக்கும். கீழே விழாமல் தொடர்ந்து ஐம்பது முறை தட்ட முடிகிறவர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பள்ளிக் கட்டடத்தின் பின்சுவர் கிடைத்தால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று சுவரில் அடித்துத் திரும்ப எடுப்பதும் நல்ல பயிற்சி. ஆளில்லாத நாளிலும் புறங்கை வளரும்.

கால்

ஆடுபவர் திரும்பி வந்து நிற்க வேண்டிய இடம் தம் பக்கத்தின் நடுப்பகுதி. அங்கே கால்களைத் தோளகலத்தில் வைத்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க, பேட்டை இடுப்புக்கு மேல் முன்னால் ஏந்தி நில்லுங்கள். எதிராளி அடிக்கும் கணத்தில் இரு கால்களையும் லேசாக எழுப்பி இறக்குங்கள். தரையைத் தொட்டதும் எந்தத் திசையிலும் உந்திப் புறப்பட அந்தச் சிறு துள்ளல் உதவும். நின்ற இடத்திலேயே மரம்போல் நின்றுவிட்டு ஷட்டில் வந்த பின் ஓடுவதுதான் பெரும்பாலோர் தோற்பதற்குக் காரணம்.

கோர்ட்டில் போக வேண்டிய மூலைகள் ஆறு: முன்னால் இரண்டு, நடுவில் பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னால் போகும்போது கடைசி அடி எப்போதும் பேட் பிடித்திருக்கும் பக்கத்துக் காலாக இருக்க வேண்டும்; அது நீண்ட எட்டாக, குதிகால் முதலில் பதிந்து, விரல்கள் ஷட்டிலை நோக்கி, முழங்கால் விரல்நுனியைத் தாண்டாமல் அமைய வேண்டும். பின்னால் போகும்போது முகத்தை வலைக்கு நேராக வைத்தபடி பின்வாங்கக் கூடாது. முதல் அடியிலேயே உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கால் மற்றொன்றைத் துரத்துவதாகச் சறுக்கி நகர வேண்டும். நேராகப் பின்வாங்குபவர்கள் நிலை தவறி மல்லாந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அரிதல்ல.

சிமெண்டுக்கும் மரத்தளத்துக்கும் இல்லாத ஒரு வசதி மண் கோர்ட்டுக்கு உண்டு. ஷட்டில் இல்லாமல், ஒருவர் கைகாட்டும் மூலைக்குப் போய்த் திரும்பும் நிழல் பயிற்சியைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையில் செய்துவிட்டு, பிறகு காலடித் தடங்களைக் குனிந்து பாருங்கள். குதிகால் பதிந்த இடம் ஆழமாகவும் விரல்பக்கம் மூலையை நோக்கியும் இருந்தால் எட்டு சரி. தடம் குறுக்கே திரும்பியிருந்தால் முழங்கால் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இழுபட்ட கோடு நீளமாக இருந்தால் நேரத்துக்குப் புறப்படாமல் கடைசியில் பாய்ந்திருக்கிறீர்கள். எந்தக் காணொளியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

சர்வீஸ்

அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ மூன்றே முக்கால் அடிக்குக் கீழே இருக்க வேண்டும். முதலில் படுவது ஷட்டிலின் தலைப்பகுதியாக இருக்க வேண்டும். இரு பாதங்களின் ஏதேனும் ஒரு பகுதி அசையாமல் தரையில் இருக்க வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது. பேட்டை முன்னால் கொண்டுபோகத் தொடங்கிய பின் நிறுத்தி ஏமாற்றக் கூடாது. உங்கள் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் வலக் கட்டத்திலிருந்தும், ஒற்றைப்படையாக இருந்தால் இடக் கட்டத்திலிருந்தும் குறுக்காக எதிர்க் கட்டத்துக்குப் போட வேண்டும். உயரத்தைப் பழக, இரு கம்புகளுக்கு இடையே அந்த அளவில் ஒரு நூல் கட்டி அதன் கீழிருந்து போட்டுப் பாருங்கள்.

புறங்கைக் குட்டை சர்வீஸை முதலில் கற்கலாம். பேட் பக்கத்துக் காலை முன்வைத்து, முழங்கையைச் சற்று உயர்த்தி, ஷட்டிலை அதன் இறகு நுனியில் இரு விரல்களால் பிடித்து, பேட்டின் முன் சாய்வாக நிறுத்தி, வீசாமல் தள்ளுங்கள். வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் கடந்து முன் சர்வீஸ் கோட்டை ஒட்டி விழ வேண்டும். ஒற்றையர் ஆட்டத்துக்கு உயர்ந்த முன்கை சர்வீஸும் வேண்டும். ஆடாத பக்கத்துக் காலை முன்வைத்து நின்று, ஷட்டிலை உடம்புக்கு முன்னால் விட்டுக் கீழிருந்து முழு வீச்சில் தூக்கினால் அது பின் எல்லையருகே செங்குத்தாக இறங்கும். இரட்டையருக்குப் பின் சர்வீஸ் கோடு இரண்டரை அடி உள்ளே இருப்பதால் இந்த உயர்ந்த சர்வீஸ் அங்கே எதிராளிக்கு ஸ்மாஷைத் தட்டில் வைத்துக் கொடுக்கும்.

டாஸ்

நம் ஊர் ஆட்டக்காரர்கள் டாஸ் என்று சொல்லும், ஷட்டிலைப் பின் எல்லைக்கு உயரத் தூக்கி அனுப்பும் ஆட்டம்தான் அடிப்படைகளில் மிக முக்கியமானது. தலைக்கு மேலிருந்து அடிப்பதற்கான கையசைவு டெல்டாவில் வளர்ந்த பெரும்பாலோருக்கு ஏற்கெனவே தெரியும்: மாந்தோப்பில் உயரத்துக் கொத்தை நோக்கிக் கல் எறிந்த அதே அசைவுதான். அதனால் பேட் இல்லாமலே தொடங்குங்கள். பழைய ஷட்டில் ஒன்றின் தலையைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, முழங்கையை முதலில் முன்கொண்டுவந்து, பின் எல்லையிலிருந்து வலைக்கு மேல் எறிந்து பாருங்கள். எவ்வளவு வலுவாக எறிந்தாலும் தோளை முறுக்கினால் அது போகாது; முழங்கை முன்னால் வந்த பிறகு முன்கை விரைந்து சுழன்றால் மட்டுமே வலையைத் தாண்டும்.

பிறகு பேட்டோடு செய்யுங்கள். ஷட்டில் உயரும்போதே பக்கவாட்டில் திரும்பி, எடையைப் பின்காலில் ஏற்றி, ஆடாத கையை ஷட்டிலை நோக்கி உயர்த்துங்கள். அந்தக் கை நிலையையும் காக்கும், தூரத்தையும் அளக்கும். முழங்கை தோளுக்கு இணையாக இருக்கட்டும். இடுப்பு திரும்ப, முழங்கை உயர, காதுப்பக்கம் பார்த்திருந்த உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பும்படி முன்கையைச் சுழற்றி, கை ஏறத்தாழ நீண்டிருக்கும் உயரத்தில், தலைக்குச் சற்று முன்னால் அடியுங்கள். தலைக்குப் பின்னால் போக விட்டுவிட்டால் எந்த வலுவும் உதவாது. அது காலின் தவறே தவிரக் கையின் தவறு அல்ல. மணிக்கட்டை மட்டும் மடக்கி வெட்டுபவர்களுக்கு முதலில் முழங்கையில் வலி வரும், தூரம் எப்போதும் வராது. பழகுநர் இருவர் எதிரெதிர்ப் பின் எல்லைகளில் நின்று டாஸை மட்டும் மாறி மாறி அடித்து, பின் எல்லையிலிருந்து மூன்றடிக்குள் விழச் செய்வதை ஒரு மாதம் பழகினால், மற்ற தலைமேல் ஆட்டங்கள் அனைத்துக்கும் வழி திறந்துவிடும்.

டிராப் என்பது இதே அசைவில் தொடங்கிக் கடைசிக் கணத்தில் வேகத்தைக் குறைத்து, வலைக்கு அருகே விழச் செய்வது. தொடக்கம் டாஸைப் போலவே தெரிய வேண்டும். வலையோர ஆட்டத்தில் விரல் மட்டுமே வேலை செய்யும்: நீண்ட எட்டில் போய், ஷட்டில் வலையின் உச்சியைவிட்டுக் கீழிறங்குவதற்கு முன்பே பேட்டைக் கிடையாக நீட்டித் தொட்டுவிட்டால் போதும், அடிக்க வேண்டியதில்லை. தாமதமாகிவிட்டால் கீழிருந்து பின் எல்லைக்கு உயரத் தூக்கிவிட்டு நடுவுக்குத் திரும்புங்கள். தோளுயரத்தில் நேராக விரையும் டிரைவ் இரட்டையருக்குத் தேவை. சுவர்ப் பயிற்சியே அதற்குப் போதும்.

ஸ்மாஷ், ஒரு வகையில், டாஸைவிட ஓரடி முன்னால் தொட்டுக் கீழ்நோக்கித் திருப்பிய ஆட்டம். பின் எல்லையிலிருந்து ஸ்மாஷ் செய்யும் ஆசையைப் புதியவர் விட்டுவிட வேண்டும். அங்கிருந்து எவ்வளவு வேகமாக அடித்தாலும் எதிராளியிடம் சேரும்போது அது தளர்ந்திருக்கும், நீங்கள் நிலை குலைந்திருப்பீர்கள். நடுக்கோர்ட்டுக்கு வந்ததை மட்டும், வேகத்தைவிட இடத்தைக் கருதி அடியுங்கள். எதிராளியின் பேட் பிடித்த பக்கத்து இடுப்புதான் எடுக்க மிகக் கடினமான இடம்.

காற்று

ஆடியில் மேலைக்காற்று நாள் முழுவதும் வீசும். மற்ற மாதங்களில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பிற்பகலிலேயே தொடங்கும் கடற்காற்று மாலையில் உள்ளூர்களுக்கும் வந்து சேரும். விடிந்ததும் வரும் அமைதியான நேரமே திறந்தவெளி ஆட்டத்துக்கு ஏற்றது. மார்கழியில் மட்டும் பனியில் நனைந்த தரை உலரக் காத்திருக்க வேண்டும். கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால் இந்தக் காற்றெல்லாம் குறுக்கே அடிக்கும். அது இரு பக்கத்தாருக்கும் சமமான தொல்லை என்பதால் நியாயமான ஆட்டத்துக்கு நல்லது. அப்படிப்பட்ட மாலைகளில் காற்று வரும் பக்கத்து எல்லையை நோக்கிக் குறிவைத்து, உயர்ந்த டாஸைக் குறைத்து, டிரைவையும் வலையோர ஆட்டத்தையும் கூட்டுங்கள். மரக்கிளை தொடர்ந்து ஆடும் அளவுக்குக் காற்றிருந்தால் டாஸ் பழகுவது வீண். காற்றுக்கு ஈடுகட்டப் பழகும் கை தவறான தூரத்தைக் கற்றுக்கொள்ளும். அன்று நிழல் பயிற்சியும் குட்டை சர்வீஸும் செய்யுங்கள். உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு திறந்தவெளி ஆட்டத்துக்கென்றே 2019இல் ஏர் பேட்மிண்டன் என்ற வடிவத்தையும், ஓரளவு காற்றைத் தாங்கும் தனி ஷட்டிலையும் அறிமுகப்படுத்தியது. கிடைத்தால் அதையும் முயன்று பார்க்கலாம்.

இங்கே கல்யாண மண்டபங்களைப் பற்றி ஒரு சொல். 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்ற முதல் இந்தியரான பிரகாஷ் படுகோன் பெங்களூரில் ஆட்டத்தைப் பழகியது வீட்டருகே இருந்த கல்யாண மண்டபத்தில்தான். திருமணம் இல்லாத நாள்களில்தான் அங்கே ஆட முடியும். நமக்கும் அது வசதியான கணக்கு: முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் காற்றும் பனியும் திறந்தவெளியைக் கெடுக்கிற மாதங்கள். உரிமையாளரிடம் பேசி மாலையில் இரண்டு மணி நேரம் வாடகைக்குக் கேளுங்கள். பளபளக்கும் கிரானைட் தரையானால் நீண்ட எட்டு வைக்காமல் சர்வீஸும் வலையோர ஆட்டமும் மட்டும் பழகுங்கள். கூரை தாழ்வாக இருப்பதால் டாஸ் அங்கே எடுபடாது.

ஆட்டத்துக்குள் நுழைதல்

உடலைச் சூடாக்காமல் கோர்ட்டுக்குள் இறங்காதீர்கள். பத்து நிமிடம் மெல்லோட்டம், கணுக்கால், முழங்கால், தோள் சுழற்றல், பிறகு பாதி வேகத்தில் நிழல் பயிற்சி. இது முடிந்த பிறகே ஷட்டிலை எடுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் திடீர்ப் பாய்ச்சலில் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களின் புழுக்கத்தில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் உப்பிட்ட மோரோ நீராகாரமோ இடையிடையே குடியுங்கள்.

நம் பக்கத்தில் ஆடுவது 21 புள்ளி முறை: சர்வீஸ் யாருடையதானாலும் ஷட்டில் விழும் வரையான ஒவ்வொரு ஆட்டத்தையும் வென்றவருக்கு ஒரு புள்ளி, மூன்றில் இரண்டு கேம் வென்றவர் வெற்றியாளர். இருபதுக்கு இருபது வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும்; 29க்கு 29 வந்துவிட்டால் முப்பதாவது புள்ளியை எடுப்பவர் வெல்வார். கோட்டின் மேல் விழுந்தால் அது உள்ளே. இதைப் பற்றிய தகராறு எல்லாத் திடலிலும் உண்டு. விழுந்த பக்கத்தில் நிற்பவர் சொல்வதே முடிவு என்று முன்பே பேசிக்கொள்வது ஆட்டத்தையும் நட்பையும் காப்பாற்றும்.

திடலில் ஆள் அதிகம் என்பதால் நீங்கள் முதலில் ஆடப்போவது பெரும்பாலும் இரட்டையராகத்தான் இருக்கும். உங்கள் அணி தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, ஷட்டிலை உயரத் தூக்கிவிட்டால் உடனே இருவரும் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். நடுவில் வருவதை யார் எடுப்பது என்ற தயக்கத்தில்தான் புதியவர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள். இருவரும் வலக்கையரானால் இடக் கட்டத்தில் நிற்பவர் முன்கையால் எடுப்பது எளிது, எடுப்பவர் “எனக்கு” என்று குரல் கொடுத்துவிட வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டு புதியவரை வெளியே நிறுத்தும் திடலில், தினமும் அரைமணி முன்னதாகப் போய் வலை கட்டி, அந்த நேரத்தில் இன்னொரு புதியவரோடு டாஸும் சர்வீஸும் பழகிவிடுங்கள். அடிப்படை ஓரளவு அமைந்த பிறகு, தஞ்சாவூரில் உள்ள அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மாவட்ட விளையாட்டரங்கங்களில் பயிற்சி வகுப்புகளும் அவற்றின் நேரமும் பற்றி விசாரித்து, பிடியையும் காலையும் ஒரு பயிற்சியாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.